தொண்ணூறு நாட்களும் ஓணச் சந்தையும்

(பாலராமபுரத்தில் கைத்தறி நெசவாளர்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)



கணக்கியல் விதிகள் என்றதும் அவை பட்டயக் கணக்கர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். சாலியர் தெருவில் பாவு ஆற்றும் குடும்பத்திற்குக் கடன் கிடைக்குமா என்பதையும் அவ்விதிகளே தீர்மானிக்கின்றன.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றி முதலில் கூற வேண்டும். தமிழில் 'வாராக்கடன்' என்கிறோம், மலையாளத்தில் 'கிட்டாக்கடம்'. ஆங்கில மூலத்தின் பொருளோ 'ஈட்டித் தராத சொத்து' என்பதே. தவணை தொண்ணூறு நாட்களைத் தாண்டினாலே கடன் அவ்வகையில் சேர்ந்துவிடும். இனி வராது என்பது அதன் பொருளன்று. நம் சொற்கள் கடனாளியின் மீது கூடுதலாக ஒரு பழியை ஏற்றிவிட்டன.

நரசிம்மம் குழுவின் பரிந்துரையை ஒட்டி ரிசர்வ் வங்கி 1992இல் இவ்விதிகளைக் கொணர்ந்தது. அதற்குமுன் வசூலாகாத வட்டியையும் வருமானமாக எழுதி இலாபம் காட்டிய வங்கிகள் உண்டு. அதை நிறுத்தியது சரியே, வைப்புத்தொகை உழைப்பாளியினுடையதுமாகும். ஆனால் தொடக்கத்தில் நான்கு காலாண்டுகளாக இருந்த அவகாசம் படிப்படியாகக் குறைந்து, 2004 மார்ச் முதல் தொண்ணூறு நாட்களாயிற்று.

இங்கேதான் சிக்கல். வைகாசியில் நூலும் கசவும் வாங்குகிறோம்; ஆவணியில் ஓணத்திற்கு விற்கிறோம்; கடைக்காரர் பணம் தருவது அதற்கும் பின்னர். இடையிலேயே தொண்ணூறு நாட்கள் கழிந்துவிடுகின்றன. ரொக்கக் கடன் கணக்கில் அத்தனை நாட்கள் வரவே இல்லையெனில் கணக்கு ஒழுங்கற்றதாகிவிடும். குறுகிய காலப் பயிருக்கான கடன் இரண்டு சாகுபடிப் பருவங்கள் நிலுவையானால்தான் வாராக்கடன். உழவனுக்குப் பருவம் உண்டென ஒப்புக்கொண்ட விதி, நெசவாளனின் பருவத்தை மட்டும் ஏன் காண மறுக்கிறது?

2021 நவம்பர் 12ஆம் நாள் சுற்றறிக்கை இன்னும் இறுக்கியது. வாராக்கடனான கணக்கு, வட்டியும் அசலுமாக நிலுவை முழுவதையும் செலுத்தினாலன்றி நல்ல கணக்காக மாறாது.

அடுத்த மாற்றம் வாசலில் நிற்கிறது. 2008 நெருக்கடிக்குப் பின் உருவான உலகத் தரநிலையைத் தழுவி, எதிர்பார்க்கப்படும் இழப்பிற்கு முன்கூட்டியே நிதி ஒதுக்கும் முறையை வணிக வங்கிகளுக்கு 2027 ஏப்ரல் முதல் கொணர, ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டது. சிறு, குறுந்தொழிலின் நல்ல கடனுக்கு ஒதுக்கீடு 0.25 விழுக்காடு. முப்பது நாள் தாமதமானால் கடன் பொதுவாக இரண்டாம் நிலைக்குச் செல்லும். அங்கே பெரும்பாலான கடன்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு. பத்து இலட்சம் ரூபாய்க் கடனுக்கு 2,500 ரூபாய் ஒதுக்கிய வங்கி 50,000 ஒதுக்க வேண்டிவரும். அச்செலவை வங்கி எங்கே இறக்கும்? வட்டியில் ஏற்றும், அல்லது கடனையே மறுக்கும்.

பெருமுதலாளிகளின் கதை வேறு. 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 இலட்சம் கோடி ரூபாயைக் கணக்கிலிருந்து நீக்கியதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நீக்கம் என்பது தள்ளுபடி அன்று, வசூல் தொடரும் என்கிறார்கள். கணக்கியல்படி அது உண்மைதான். அந்தப் பொறுமையில் ஒரு பங்கையாவது தறிக்குக் காட்டுங்கள் என்கிறோம்.

கைத்தறிக்கும் பருவ அடிப்படையிலான நிலுவைக் காலம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதுவரை, சங்கச் செயலாளர்கள் இருப்புப் பட்டியலை மூன்று மாதம் பழையதாக விடாமல் வங்கியில் அளித்து, ஒப்புகை பெற்று வையுங்கள். தறியில் ஏறிய பாவும் இருப்பே. அதையும் பட்டியலில் எழுதுங்கள்.