அணைந்ததா, அடங்கியதா?

(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்கு என்னப்பா வேலை?" என்று ஊரில் கேட்டால், "அட்டைப்பெட்டி கொளுத்தறேன்" என்பேன். சிரிப்பார்கள். விமானச் சரக்கு அறையின் தீயடக்கும் அமைப்புகளைச் சோதிப்பது என் தொழில்.

1996 மே 11 அன்று மயாமியில் கிளம்பிய வேல்யூஜெட் 592 விமானத்தின் சரக்கு அறையில், ஆக்சிஜன் ஜெனரேட்டர்களால் தீப்பிடித்தது. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேரும் மாண்டார்கள். காற்றுப் புகாமல் மூடினால் தீ தானே அடங்கும் என்ற நம்பிக்கையில் அமைந்த அறை அது. புகை உணர்த்தியும் இல்லை, தீயடக்கியும் இல்லை. எரியும் பொருளே ஆக்சிஜன் கொடுத்தால் மூடி என்ன பயன்? 1998-இல் அமெரிக்கா விதியை மாற்றியது. பயணிகள் விமானங்களில் அத்தகைய அறைகளுக்கு 2001 மார்ச்சுக்குள் இரண்டும் கட்டாயமாயின.

சோதனை முறை எளிது. 2,000 கன அடி அறையில் 178 அட்டைப்பெட்டிகள், உள்ளே கிழித்த காகிதம். ஒன்றில் தீ மூட்டுவோம். ஹாலான் 1301 வாயு 5 விழுக்காடு நிறைந்ததும் சுவாலை படுத்துவிடும். ஆனால் உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும், குமுட்டி அடுப்புச் சாம்பலுக்குள் இருப்பது மாதிரி. அதனால் விமானம் தரையிறங்கும்வரை 3 விழுக்காடு குறையாமல் இருக்கணும். நடுக்கடலில் என்றால் மணிக்கணக்காகும்.

ஹாலான் ஓசோனைக் கெடுக்கும். மான்ட்ரியல் உடன்பாட்டின்படி வளர்ந்த நாடுகளில் 1994 முதல் அதன் உற்பத்தி நின்றது. மாற்று தேடினால் வேறு சங்கடம். ஸ்ப்ரே டப்பா வெடிப்புச் சோதனையில், எச்.எஃப்.சி-125 போன்ற சில வாயுக்கள் போதிய அளவு இல்லாதபோது வெடிப்பின் அழுத்தத்தைக் கூட்டிவிட்டன!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சோதனை. வெப்பமானிகள் எல்லாம் இறங்கிவிட்டன. "தீ அணைந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனேன். மேலதிகாரி, "கொஞ்சம் இருங்க தம்பி" என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்தார். காற்று போனதுதான் தாமதம், குப்பென்று பற்றிக்கொண்டது. அடித்துவிட்டு, "அடங்கியது" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை நம்பி விமானத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

நம்ம லேபில் கிராஃப் நேர்கோடாக வர, விடையிலிருந்து ரீடிங்கை எழுதிக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நானும் எழுதியவன்தான். தம்பி தங்கைகளே, கோடு கோணலாகவே வரட்டும். வந்ததை எழுதுங்கள்.