குட்டி சென்சார் சொன்ன பொய்

இன்னைக்கு ஒரு சின்னப் பெட்டியை நம்பி நான் ஏமாந்த கதை.

எங்க வீட்ல அம்மாவும் தம்பியும் ஏசி ரூம்ல தூங்குவாங்க. "காலைல தலை பாரமா இருக்குடா, ஜன்னலைத் திறக்கலாமா"ன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் காட்டி, "950 பிபிஎம்தான்மா, ஆயிரத்தைத் தாண்டலை"ன்னு வாயை அடைச்சிட்டேன்.

ஒருநாள் அதை மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போனேன். 170 காட்டுச்சு! வெளிக்காற்றிலேயே 420க்கு மேல் இருக்கணும். அப்போ ரூம்ல உண்மையில் 1,200 இருந்திருக்கும்.

ஏன் இப்படி? இந்த வாயு 4.26 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். சென்சாருக்குள் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் கதிரை அளக்கும் டிடெக்டர். வாயு கூடினால், வந்து சேரும் ஒளி குறையும். சென்சார் சின்னதாகும்போது ஒளி போகும் தூரமும் குறையுது. அதனால் சிக்னலும் ரொம்பச் சின்னது. விளக்கு மங்கினாலோ, தூசி படிஞ்சாலோ, ஈரம் பனிச்சாலோ, சூடு மாறினாலோ கணக்கு தப்பும்.

இதைச் சரிக்கட்ட பல சென்சார்கள் ஒரு தந்திரம் பண்ணும். சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றுன்னு எடுத்துக்கிட்டு, அதை 400ன்னு திருத்திக்கும். தினமும் ஜன்னல் திறக்கிற வீட்டுக்கு இது சரி. எங்க ரூம் திறக்கவே இல்லையே! அங்கே 650க்குக் கீழே இறங்கவே இல்லை. பாவம், அந்த 650ஐயே அது 400ன்னு நம்பிடுச்சு.

இன்னும் ரெண்டு விஷயம். ஊட்டி மாதிரி மலையில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதைத் திருத்தாத சென்சார் அங்கே குறைச்சுத்தான் காட்டும். அப்புறம், மலிவான சில மீட்டர்கள் இந்த வாயுவை அளக்கிறதே இல்லை. வேற ஆவிகளை வெச்சு ஊகிக்கும். பக்கத்தில் சானிடைசர் தெளிச்சுப் பாருங்க, எண் எகிறினா சந்தேகப்படுங்க.

வாரம் ஒருமுறை மீட்டரை வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் வைங்க. 400க்கு ரொம்பக் கீழே போனா மேனுவல் பார்த்து கேலிபரேட் பண்ணுங்க.

நான் அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன். "மூக்கு இருக்கும்போது மீட்டர் எதுக்குடா"ன்னு சொல்லிட்டு ஜன்னலைத் திறந்தாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!