உப்பளத்திலிருந்து ஒரு கேள்வி



காடுவெட்டி ஜெ. குருவைப் பற்றி மரக்காணத்தில் பேசாமல் வேறெங்கே பேசுவது? அரியலூர் மாவட்டக் கிராமத்திலிருந்து வந்தவர். நாற்பது வயதில், 2001இல், ஆண்டிமடத்தில் பாமக சார்பில் வென்றார், 2011இல் ஜெயங்கொண்டத்தில். வன்னியர் சங்கத் தலைவராகவும் இருந்தார்.

அந்தச் சங்கத்தின் 1987 சாலை மறியலில் 21 பேர் உயிரைக் கொடுத்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு வந்தது. நியாயமான உரிமை. நான் அதன் பக்கம்தான்.

ஆனால் 2012இல் மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு மேடையில் சாதிமறுப்புத் திருமணத்துக்கு எதிராக முழங்கினார் குரு. மறு ஆண்டு ஏப்ரல் 25, அதே விழாவுக்குக் கூட்டம் போன நாளில், இங்கே தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களிலும் இருவர் இறந்தார்கள். இரு பக்கமும் இழந்தது உழைக்கும் குடும்பங்கள்தான்.

உப்பு சாதி பார்த்தா காலை அரிக்கிறது? மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை அரசு 2022இல் தொடங்கியது. அது தொழிலாளர் என்ற பெயரில் வந்தது.

நாளை ஓர் இளைஞர் சாதியைச் சொல்லி வாக்குக் கேட்டு வந்தால், வயதைப் பார்த்து மயங்காதீர்கள். “எங்கள் வீட்டுப் பெண் யாரைக் கட்டுகிறாள் என்பதா, மழைக்காலத்தில் எங்கள் அடுப்பு எரிகிறதா என்பதா, எது உங்கள் கவலை?” என்று கேளுங்கள்.