குங்ஃபூ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

(குழந்தைகளுக்கான குங்ஃபூ வகுப்பு தொடங்குவதையொட்டி, நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பு பற்றி அறிவித்ததும் பெற்றோர் பலர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாதத்தில் பிளாக் பெல்ட் கிடைக்கும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன், குங்ஃபூ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சீன மொழியில் இதை 'கோங்ஃபூ' என்கிறார்கள். இரண்டு எழுத்துகள். 'கோங்' என்ற எழுத்தில் வேலையைக் குறிக்கும் ஒரு பகுதியும் வலிமையைக் குறிக்கும் ஒரு பகுதியும் சேர்ந்திருக்கின்றன. உழைத்துப் பெற்ற பலன் என்று பொருள். 'ஃபூ' என்றால் ஆள். இரண்டும் சேர்ந்தால், ஒருவர் நேரமும் உழைப்பும் கொடுத்துச் சம்பாதித்த திறமை. கவனியுங்கள், இதில் அடியும் இல்லை, உதையும் இல்லை.

இன்றைக்கும் சீனாவில் ஒருவர் நண்பரிடம் "கோங்ஃபூ இருக்கிறதா?" என்று கேட்டால், "நேரம் இருக்கிறதா?" என்றுதான் அர்த்தம். கை தேர்ந்த சமையல்காரரிடமும், தூரிகையால் அழகாக எழுதுபவரிடமும் கோங்ஃபூ இருக்கிறது என்பார்கள். குவாங்டாங் மாகாணத்தின் சாவ்சோ பகுதியில், சின்னஞ்சிறு கெண்டியில் தேயிலையை நிறையப் போட்டு, சிறு கோப்பைகளில் பலமுறை வடித்துக் குடிக்கும் பழக்கம் உண்டு. அதன் பெயர் கோங்ஃபூ தேநீர். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ அறிஞர் ஜூ ஷி, மனத்தைப் பண்படுத்த நாள்தோறும் செய்யும் முயற்சியை இதே சொல்லால் குறிப்பிட்டார்.

தமிழில் இதற்கு நெருக்கமான சொல் நம் சமையலறையிலேயே இருக்கிறது: கைப்பக்குவம். அதே புளி, அதே மிளகு. ஆனாலும் பாட்டி வைக்கும் ரசம் நமக்கு வருவதில்லை. அந்த வித்தியாசம்தான் கோங்ஃபூ.

அப்படியானால் இது சண்டைக் கலையின் பெயரானது எப்படி? 1779இல், பெய்ஜிங்கில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்று பாரிஸில் வெளியானது. அவர் அதில் கோங்ஃபூ என்று விவரித்தது, தாவோ துறவிகள் உடல்நலத்துக்காகச் செய்த மூச்சுப் பயிற்சிகளையும் உடல் நிலைகளையும்தான். போர்க்கலைக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பொதுச்சொல் 'வூஷூ'. 1928இல் நான்ஜிங்கில் அரசு ஆதரவோடு மத்திய நிறுவனம் தொடங்கியபோது, 'தேசியக் கலை' என்று பொருள்படும் 'குவோஷூ' என்ற பெயரை வைத்தார்கள். தென் சீனாவில் கான்டனீஸ் பேசுவோர் சண்டைக் கலையைக் குங்ஃபூ என்று சொல்லிவந்தார்கள். அந்தப் பேச்சு வழக்கை உலகம் முழுவதும் கொண்டுபோனவை ஹாங்காங் படங்கள். அங்கே வளர்ந்த புரூஸ் லீ 1963இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலும் இந்தச் சொல் இருக்கிறது. 1973இல் 'என்டர் தி டிராகன்' வந்த பிறகு, உலகத்துக்குக் குங்ஃபூ என்றால் சண்டை என்றே ஆகிவிட்டது.

நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் ஒரு செய்தியையும் பார்த்துவிடுவோம்: "குங்ஃபூவை உருவாக்கியவர் தமிழரான போதிதர்மர்." அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட இன்னொரு குறிப்பு, பாரசீகத்தவர் என்கிறது. அவர் சண்டை கற்பித்ததாக இரண்டிலும் இல்லை. அவரோடு உடற்பயிற்சியை இணைக்கும் 'யிஜின் ஜிங்' என்ற நூல், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17ஆம் நூற்றாண்டில் வந்தது. அவரைத் தியான ஆசானாக மதிப்பதே நியாயம். குழந்தைகளுக்கு அப்படியே சொல்லுங்கள்.

இப்போது பெல்ட் விஷயத்துக்கு வருவோம். நிறப் பட்டைகள் ஜப்பானிய ஜூடோவிலிருந்து பரவியவை. பழைய சீனப் பயிற்சியில் அவை இல்லை. அங்கே முதல் பாடம் பெரும்பாலும் குதிரை நிலை: கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகு நிமிர்ந்து அசையாமல் நிற்பது. பார்க்க எளிது. ஒரு நிமிடத்தில் தொடை நடுங்கும்.

மூன்றாவது வாரம் உங்கள் பிள்ளை, "ரொம்ப போரடிக்குது, நான் போகலை" என்று சொல்லக்கூடும். கால்வலி என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வெறும் சலிப்பு என்றால், உடனே வேறு வகுப்புக்கு மாற்றிவிடாதீர்கள். குங்ஃபூ தொடங்குவதே அந்த வாரத்தில்தான். ஆசிரியரிடம் "சான்றிதழ் எப்போது?" என்று கேட்பதற்குப் பதில், வீட்டில் பிள்ளையிடம் "இன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றாய்?" என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்தில் நீங்களும் நின்று பாருங்கள்.

எத்தனை மாதம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: குங்ஃபூ என்ற சொல்லுக்கே நேரம் என்றுதான் பொருள். அதைக் கொடுக்காமல் இதை வாங்க முடியாது.