மலையில் பலா, தஞ்சையில் வீணை

போடிநாயக்கனூருக்குள் நுழைந்தாலே ஏலக்காய் மணம் மூக்கைத் துளைக்கும். கடை வாசல்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, நிறம் வெளுத்த காயையும் வாய் பிளந்த காயையும் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். விடிகாலையில் வந்தால், தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேற்கே பறப்பதைப் பார்க்கலாம். நாமும் அந்தத் திசையில்தான் போகிறோம்.

முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் மலை ஆரம்பம். 17 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றுகிறவர்கள் ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே ஏறியதும் போடிமெட்டு. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். மஞ்சு இறங்கிவிட்டால் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரியும்.

ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. அதனால் தோட்டமெங்கும் நிழல் மரங்கள் நிற்கும். அவற்றில் பலாவும் உண்டு. நமக்குப் பலா என்றால் சுளை. தஞ்சாவூர் ஆசாரிக்கு அது வீணையின் குடமும் தண்டியும். அப்படியானால் இந்த மரத்திலேயே வீணை செய்யலாமே என்று கேட்பீர்கள். ஏலமலைக் காட்டில் நினைத்த மரத்தில் கோடாரி வைத்துவிட முடியாது, சட்டம் இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். தஞ்சாவூர்க்காரர்கள் பெரும்பாலும் பண்ருட்டிப் பலாவைத்தான் தேடுகிறார்கள்.

வீணை வாங்க ஆசைப்படுகிறவர்கள் மலையிறங்கி ரயில் பிடிக்கலாம். 2010-ஆம் ஆண்டோடு நின்றுபோன போடி ரயில், 2023 ஜூனில் அகலப் பாதையில் திரும்ப வந்தது. மதுரையில் மாறித் தஞ்சாவூர் போய்விடலாம்.

அரபு நாட்டு ஊத் வாத்தியத்தின் வயிற்றை மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்கிறார்கள். தஞ்சாவூர் வீணையில் அப்படியல்ல, குடத்தை மரத்துக்குள்ளிருந்து குடைந்து எடுக்கிறார்கள். குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் அமைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. விலையும் அதற்கேற்ப ஏறும், இறங்கும். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பட்டறைக்குப் போகிறவர்கள் முதலில் யாளி முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பூவேலைப்பாட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். அழகுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் நான் சொல்வது, மேளம் கட்டுகிற, அதாவது மெட்டுகளைப் பதிக்கிற இடத்தில் போய் உட்காருங்கள். தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து உருக்கி, தண்டியின் இரு பக்கமும் கரை கட்டுகிறார்கள். அந்தக் கரைமேல் 24 பித்தளை மெட்டுகளை வைத்து, தந்தியை மீட்டி, காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் மயிரிழை நகர்த்துகிறார் மேளம் கட்டுகிறவர். மெழுகு இறுகுவதற்குள் சுரம் நிற்க வேண்டும். மரம் எவ்வளவு உயர்ந்ததானாலும் இங்கே பிசகினால் வாசிக்க முடியாது. ஆகவே விலை பேசும்போதே ‘மேளம் யார் கட்டுகிறார்?’ என்று கேளுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். நான்கு வாசிப்புத் தந்திகளிலும் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு மெட்டாக மீட்டச் சொல்லுங்கள். எங்காவது தந்தி இரைந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள், மேளம் கட்டியவர் சரிசெய்து தருவார்.

இன்னொன்று. மெழுகுக்கு வெயில் பகை. சித்திரை வெயிலில் கார் டிக்கியில் வீணையைப் போட்டுக்கொண்டு போடிக்குத் திரும்பினால் மேளம் இளகிவிடும். தண்டியின் மறுகோடியில் தொங்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள், வீணையை உறைபோட்டு ரயிலில் உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது காகிதக்கூழிலும் ஃபைபரிலும்கூட அந்தச் சுரைக்காய் வருகிறது. நிஜச் சுரைக்காய்தான் வேண்டுமென்றால், சொல்லிவைத்து வாங்க வேண்டும்.