முதலில் உட்கார வையுங்கள்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. என் வேலை ஆம்புலன்ஸ் வண்டியின் பின்பக்கத்தில். விலங்கியல் பட்டத்தோடு 2007-இல் இந்த வாசலைத் தாண்டினேன். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அவசர மருத்துவ உதவியாளராகச் சேர்ந்துவிட்டேன். ஏன் சேர்ந்தேன் என்று சொன்னால்தான் இன்றைக்கு நான் பேச வந்தது புரியும்.

2006-இல், விடுதியில் ஓர் இரவு. பரீட்சை நேரம். எங்கள் அறை நண்பனுக்கு ஆஸ்துமா உண்டு. நள்ளிரவு தாண்டி எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "ஏன்டா உக்காந்திருக்க, படுடா, படுத்தா சரியாயிடும்" என்று சொன்னவன் நான்தான். அவன் எழ எழப் பிடித்துப் படுக்க வைத்தோம். வாடகைக் கார் பிடித்து, பின் சீட்டில் நீட்டிக் கிடத்திக் கொண்டு போனோம். பாதி வழியில் இளைப்புச் சத்தம் அடங்கியது. "தூங்கிட்டான், இனிமே பயமில்ல" என்று பேசிக்கொண்டோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவன் உடம்பு கேட்டதை நாங்கள் தடுத்தோம். இதே கட்டடத்தில் உதரவிதானம் படம் வரைந்து, பாகம் குறித்து, மார்க் வாங்கியவன் நான். படுத்தால் வயிற்றில் உள்ளவை உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் விரிய இடம் குறையும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அதனால்தான் நினைவோடு இருந்து மூச்சுக்குத் திணறுகிறவர் தானாகவே நிமிர்ந்து உட்காருவார், கையை ஊன்றிக்கொள்வார். அவரை அப்படியே விடுங்கள். நினைவு தப்பி, மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். மூச்சே இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

நாங்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் மிஷினைத் தேடுவதில்லை. முதலில் பேச்சுக் கொடுப்போம். "என்னய்யா பண்ணுது?" என்று கேட்டால் முழு வாக்கியமாகப் பதில் வருகிறதா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறாரா என்று கவனிப்போம். அடுத்து, நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவோம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 30-ஐத் தாண்டினாலும் ஆபத்து, 10-க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்து. கழுத்துத் தசை இழுக்கிறதா, விலா இடுக்கு உள்ளே போகிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்றும் பார்ப்போம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் இருக்கிறது. சாதாரணமாக 94-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் தேவை. பல வருடம் பீடி சிகரெட் குடித்தோ, அடுப்புப் புகை குடித்தோ நுரையீரல் கெட்டவர்களுக்கு 88 முதல் 92 போதும். அளவுக்கு மீறிக் கொடுத்தால் அதுவே கெடுதல். விரல் ஜில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் தப்பாக வரலாம். எண் நன்றாக இருந்து ஆள் திணறினால், ஆளை நம்புங்கள்.

எல்லாவற்றையும்விட, சத்தம் அடங்குவதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். வீசிங் சத்தம் கேட்க, உள்ளே கொஞ்சமாவது காற்றுப் போக வேண்டும். காற்றே போகாவிட்டால் சத்தமும் இருக்காது. என் நண்பன் தூங்கவில்லை.

இன்னொரு அமைதியும் உண்டு. ஒரு விடியற்காலை, தரையில் படுத்திருந்த ஓர் அக்காவுக்கு வயிற்று வலி என்று அழைப்பு வந்தது. இளைப்பு இல்லை, ஆக்சிமீட்டரில் 98. ஆனால் இமை இரண்டும் சரிந்திருந்தன. கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. மூச்சுத் தசைகளை மெல்ல முடக்கிவிடும். "அக்கா, சடுகுடு பாடுற மாதிரி ஒரே மூச்சுல எண்ணுங்க பாப்போம்" என்றேன். முதலில் 20 வரை எண்ணினார். வண்டி கிளம்பிய பிறகு 12. அப்புறம் 7. பிறகு எண்ணவே முடியவில்லை. ஆம்பு பையை வைத்து 6 விநாடிக்கு ஒரு மூச்சு வீதம் நானே கொடுத்துக்கொண்டு போனேன். அவசரப்பட்டு வேகமாக அழுத்தக் கூடாது. விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஆம்பு பை வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் திணறினால் நிமிர்த்தி உட்கார வையுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். அவருடைய நீல நிற இன்ஹேலரை, ஸ்பேசர் இருந்தால் அதில் பொருத்தி, ஒரு நிமிட இடைவெளிக்குள் ஒன்றொன்றாக, 10 முறை வரை கொடுக்கலாம். குறையவில்லையென்றாலோ, பேச முடியாவிட்டாலோ, தொடக்கத்திலேயே 108-ஐ அழையுங்கள். "மூச்சு விட முடியல" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இன்று காலை எங்கள் வகுப்பு குரூப் போட்டோ எடுத்தோம். ஓர் இடத்தைக் காலியாகவே விட்டோம். அவன் நினைவாக, ஆண்டுதோறும் விடுதியில் சேரும் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி கொடுக்க எங்கள் வகுப்பு முடிவு செய்திருக்கிறது. முதல்வர் அவர்கள் அனுமதி தர வேண்டும். பயிற்சிக்கு நானே வருகிறேன்.