ஒரு பிழைக்குள் ஓர் இலக்கணம்



தமிழகமும் ஆந்திரமும் கருநாடகமும் ஒன்றையொன்று தொடுகின்ற எல்லைக்கு அருகே, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பது வேப்பனப்பள்ளி. அதன் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்றால் போதும்; மூன்று மொழிகளையும் கேட்கலாம். அப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தபோது, சொல்லும் வாக்கியமும் எவ்வாறு பிறக்கின்றன என்பதை ஒரு சிறுவன் எனக்குக் கற்பித்தான்.

வீட்டில் தெலுங்கு பேசுகின்ற பிள்ளை அவன். ஒருநாள் வகுப்புக்குக் காலம் தாழ்த்து வந்தான். காரணம் கேட்டேன். "சார், ஊரிலிருந்து அம்மா வந்தது" என்றான். வகுப்பே சிரித்தது. "உன் அம்மா என்ன, ஆடா மாடா?" என்று நானும் சிரித்தேன். அதன்பின் பல நாள் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் என்னை உறுத்தியது, நன்னூலைப் புரட்டினேன்.

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரை ஆதரித்தவன் சீயகங்கன். குவலாளபுரம் எனப்பட்ட கோலாரைத் தம் பதியாகக் கூறிக்கொண்ட கங்கர் மரபினன் அவன். அக்கோலார் வேப்பனப்பள்ளிக்குத் தொலைவிலில்லை. எல்லைப்புறத்தோடு இத்தகைய உறவுடைய அந்நூல், ஒரு பகுபதத்துள் பகுதி முதல் விகாரம் ஈறாக ஆறு உறுப்புகள் வரக்கூடும் என்கிறது.

சிறுவன் சொன்ன 'வந்தது' என்பதைப் பிரித்துப் பார்ப்போம். 'வா' என்பது பகுதி. அது 'வ' எனக் குறுகியது விகாரம். இடையில் வந்த தகர ஒற்று சந்தி; அது நகர ஒற்றாகத் திரிந்ததும் விகாரமே. அடுத்த தகர ஒற்று இறந்தகால இடைநிலை. 'அ' சாரியை. 'து' விகுதி. ஆறு உறுப்புகளும் முறை பிறழாமல் நிற்கின்றன! வாக்கியத்திலும் எழுவாய் முன்னும் வினை இறுதியிலுமாக இடம் மாறாமல் உள்ளன. தவறியது விகுதி ஒன்றே.

அதுவும் ஏன் தவறியது? தெலுங்கில் ஒருமையில், ஆடவர்க்கு ஒரு வினைமுற்று. பெண்டிர்க்கும் அஃறிணைக்கும் மற்றொன்று. அம்மா வந்தாலும் ஆவு வந்தாலும் 'வச்சிந்தி' என்பதே வழக்கு. அன்னையை இழிவுபடுத்தும் எண்ணம் அதில் இல்லை. அம்மொழி உலகைப் பகுத்துக்கொண்ட முறை அது. கன்னட வீட்டுப் பிள்ளைக்கோ இவ்விடர் இல்லை. 'பந்தளு' என்னும் பெண்பால் வினை அவன் மொழியிலேயே உண்டு; ஆகவே 'வந்தாள்' என்பது அவனுக்கு எளிதாக வந்தது.

இதிலிருந்து விளங்குவது யாது? 'அம்மா வந்தது' என்று நான் கற்பிக்கவில்லை. பாடநூலிலும் அது இல்லை. கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் கிளியாக இருந்திருந்தால் அவன் அதைச் சொல்லியிருக்க முடியாது. அவன் உள்ளத்தில் இருந்தது வாக்கியங்களின் குவியலன்று. வாக்கியங்களை ஆக்கும் விதிகள். அமெரிக்க அறிஞர் நோம் சோம்ஸ்கி 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட தொடரமைப்பு பற்றிய சிறு நூலில் முன்வைத்த கருத்தும் இதற்கு இயைந்ததே. அளவுக்குட்பட்ட விதிகளைக் கொண்டு எல்லையற்ற வாக்கியங்களை ஆக்கலாம். அவ்விதிகளைக் கண்டு கூறுவதே இலக்கணத்தின் பணி என்பது அவர் துணிபு. சில படிகளைக் கொண்டு எத்தனை மூட்டை நெல்லையும் அளப்பது போன்றது அது.

மறுவாரம் 'அம்ம வச்சிந்தி', 'அம்மா வந்தாள்' என்னும் இரண்டையும் கரும்பலகையில் தமிழெழுத்திலேயே எழுதினேன். "இவற்றுள் எது பிழை?" என்று கேட்டேன். வகுப்பு தயங்கியது. அச்சிறுவன்தான் மெல்ல எழுந்தான். "இரண்டும் சரி சார், வீடுதான் வேறே" என்றான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

'வந்தாள்' என்பதைக் கற்பிக்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் பிழை திருத்தும் ஆசிரியர், அப்பிழைக்குள் எந்த விதி இயங்குகிறது என்று முதலில் நோக்குதல் நன்று. விதியை அறிந்தால் திருத்தம் எளிது. எள்ளி நகைத்தாலோ, விகுதி திருந்துமுன் பேச்சே நின்றுபோகும்.